தேரைகள் தாய்வீடு போன கதை

கொண்டைமேட்டுப்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த ஊரில் எனக்குச் சம்பந்தி வீடு இருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் அவர்கள், அவ்வளவுதான். சொல்கிறவர்கள்தான் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஊருக்கு முதல்முதலாகப் பேருந்து விட்டபோது, வாசல் பக்கத்தில் ‘படியில் நிற்காதீர்கள்’ என்று எழுதியிருந்தது. படியில் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் எப்படி ஏறுவது என்று ஊர் கூடிப் பேசியது. கடைசியில் எல்லோரும் ஜன்னல் வழியாக ஏறினார்கள். ஒரு வாரத்தில் கண்டக்டருக்குப் பழகிவிட்டது. ஜன்னல் ஓரம் நின்று கைகொடுத்துத் தூக்கிவிடுவார்.

ஊருக்கு மேற்கே ஒரு ஊருணி. அந்த வருஷம் கோடை மழை இரண்டு நாள் கொட்டியதில் கரை வரைக்கும் தண்ணீர். அதை மண் போட்டு மூடிவிட்டு அங்கே ஒரு குடோன் கட்டப்போவதாக ஒன்றிய அலுவலகத்திலிருந்து காகிதம் வந்தது. ஊரில் எல்லோருக்கும் வருத்தம்தான். ஆனால் விருமாயிக்குத்தான் வயிறு எரிந்தது. அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, முப்பத்துநாலு வாத்துகள் இருந்தன. முப்பத்துநாலுக்கும் பெயர் உண்டு.

“ஊருணி போச்சுன்னா என் பிள்ளைகளை எங்க நீந்த விடுவேன்? அண்டாவிலயா?” என்று அழுதாள்.

அவளுடைய கொழுந்தன் ஒச்சப்பன் இதைத் தீவிரமாக யோசித்தார். “எத்தனை குடம் பிடிக்கிற அண்டா மதினி?” என்று கேட்டார்.

அந்த நேரத்தில்தான் எஸ்தர் கிருபா வந்து சேர்ந்தார். டவுன் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். இருபது வருஷமாகத் தவளைகளையே படித்துக்கொண்டிருந்தவர். காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “பயப்படாதீங்க. ஒரு நீர்நிலையில தவளையும் தேரையும் ரெண்டும் இருந்தா அதை மூடக் கூடாதுன்னு விதி இருக்கு. ஆடி மூணாந்தேதி அதிகாரி வர்றார். அவர் ரெண்டையும் கண்ணால பார்க்கணும், அவ்வளவுதான். அதுக்குள்ள எது தவளை, எது தேரைன்னு பிரிச்சு ஒரு பட்டியல் எழுதி வைங்க” என்றார்.

எப்படிப் பிரிப்பது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். ‘தவளைக்குத் தோல் ஈரமாக, வழவழப்பாக இருக்கும். பின்னங்கால் நீளம். தேரைக்குத் தோல் உலர்ந்து, சொரசொரப்பாக இருக்கும். பின்னங்கால் குட்டை. இரண்டும் நீரிலும் நிலத்திலும் வாழும். தொட்ட பிறகு கட்டாயம் கையைக் கழுவவும்.’ பிறகு வந்த பேருந்திலேயே ஏறிப் போனார். படி வழியாகத்தான் ஏறினார். படித்தவர் என்பதால் ஊர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பேனா வைத்திருந்ததால் ஒச்சப்பன் பட்டியல் வேலைக்குத் தலைவரானார். சடையன் என்று ஒருவர், கிணற்றுக்குள் விழுந்த செம்பைக்கூடக் காலாலேயே எடுக்கிற ஆள், பிடிக்கிற வேலையை ஏற்றுக்கொண்டார். விருமாயி யாரும் கேட்காமலே சேர்ந்துகொண்டாள்.

முதல் நாள் காலையில் சடையன் தண்ணீருக்குள் இறங்கி ஒன்றைப் பிடித்துத் தூக்கினார்.

“ஈரமா இருக்குண்ணே.”

“தவளை” என்று ஒச்சப்பன் எழுதினார்.

அதைப் படித்துறைக் கல்லில் கூடையைப் போட்டு மூடி வைத்துவிட்டு, சடையன் இன்னொன்றைத் தேடிப் போனார். நல்ல வெயில். திரும்பி வந்து கூடையைத் தூக்கிப் பார்த்தார்.

“அண்ணே, இது காஞ்சுபோச்சு.”

ஒச்சப்பன் தாளை இரண்டு தடவை படித்தார். “அப்ப இது தேரை” என்று முதலில் எழுதியதை அடித்தார்.

சடையனுக்குச் சந்தேகம். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். மறுபடியும் தவளையானது. மதியத்துக்குள் அந்த ஒரே பிராணி ஏழு தடவை தவளையாகவும் ஏழு தடவை தேரையாகவும் எழுதப்பட்டிருந்தது. அது ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மட்டும் மூடி மூடித் திறந்தது.

“கால் நீளத்தை வச்சுப் பாருங்களேன்” என்றாள் விருமாயி.

“நீளம்னா, யார் காலைவிட நீளம்?” என்றார் ஒச்சப்பன். தாளில் அது எழுதியிருக்கவில்லை. கையோடு இருந்தது சடையனின் கால்தான். ஒவ்வொன்றையும் பிடித்துச் சடையனின் முழங்காலோடு வைத்து அளந்தார்கள். ஒன்றுகூட நீளமாக இல்லை. அந்தக் கணக்குப்படி அந்த ஊருணியில் தவளையே கிடையாது.

இதற்கு நடுவில் சடையன் கை கழுவப் போனார். ஊருணியில்தானே கழுவ வேண்டும்? கையை உள்ளே விட்டதும் தலைப்பிரட்டைகள் வந்து விரலைக் கடித்துப் பார்த்தன. தவளைக் குஞ்சைத் தொட்டாலும் தொட்டதுதானே? மறுபடி கழுவினார். மறுபடி அவை வந்தன. பொழுது சாய்கிற வரைக்கும் சடையன் கழுவிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் விருமாயி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினாள். “கையை மேல தூக்கிக்கிட்டு நேரா வீட்டுக்குப் போடா. எதையும் தொடாத” என்றாள். இரண்டு கையையும் உயர்த்தியபடி சடையன் தெருவில் நடந்தார். வீட்டு வாசல்களில் நின்றவர்கள் என்ன ஏது என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று அவர்களும் கையைத் தூக்கிக்கொண்டார்கள்.

மறுநாள் விருமாயிக்கு ஒரு யோசனை. “என் வாத்துக்கு இதெல்லாம் தெரியும் கொழுந்தனாரே. தவளைன்னா முழுங்கிடும். தேரைன்னா வாயில வச்ச உடனே துப்பிடும். தேரை உடம்புல ஒரு கசப்புப் பால் இருக்கு.”

ஒச்சப்பனுக்கு அது பிடித்துப்போயிற்று. வாத்துகளைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார்கள். வாத்துகள் தப்பே செய்யவில்லை என்பதை நான் ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒன்பது தவளைகளை மிகச் சரியாக அடையாளம் காட்டின. ஆனால் பட்டியலில் எழுதத் திரும்பிப் பார்த்தால் அந்த ஒன்பதும் இல்லை.

“தேரை மட்டும் மிச்சமிருக்கு. தவளை எல்லாம் உள்ள போயிருச்சு” என்றார் சடையன்.

“அது தவளைதான்னு உறுதியாச்சுல்ல?”

“உறுதியாச்சுண்ணே.”

“அது போதும். ஆனா இனிமே வாத்து வேண்டாம்” என்றார் ஒச்சப்பன். நாலு நாள் அலைந்து, துப்பப்பட்டதைப் போல இருந்ததையெல்லாம் ஒரு பானையிலும், விழுங்கத் தோன்றுகிற மாதிரி இருந்ததையெல்லாம் இன்னொரு பானையிலும் போட்டார்கள். ஊரில் ஒரு கல், ஒரு மூலை விடவில்லை. பதினாறு தவளை, பதினாறு தேரை. ஆச்சரியம் என்னவென்றால், எல்லாமே சரியாகத்தான் இருந்தது.

இத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பட்டியல் எழுத வேண்டுமே.

ஒச்சப்பனுக்குத் தெரிந்த பட்டியல் ஒன்றுதான். கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் எழுதுகிற தலைக்கட்டுப் பட்டியல். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. கல்யாணமாகாதவனைத் தனியாக எழுதும் வழக்கம் கிடையாது. மனைவி பெயரும் தனியாக வராது. புருஷன் கணக்கில் சேர்ந்துவிடும்.

“முப்பத்திரண்டு பேரும் கல்யாணமாகாம நிக்கிறாங்க. எப்படி எழுதுறது?” என்றார் ஒச்சப்பன்.

“முடிச்சு வச்சுட வேண்டியதுதான்” என்றார் சடையன்.

“யாருக்கு யாரை?”

“தவளைக்குத் தவளையை.”

ஒச்சப்பன் அதிர்ந்துபோனார். “ஒரே கரையில பிறந்ததுகடா! பங்காளி முறை வருது. ஊர் வெளிய தலைகாட்ட முடியுமா?”

ஆகவே தவளை மாப்பிள்ளை, தேரை பெண் என்று முடிவானது. விருமாயிக்கு மட்டும் ஒரு கவலை. “பொண்ணுக்கு உடம்பெல்லாம் சொறியா இருக்கே. மாப்பிள்ளை பாருங்க, எண்ணெய் தடவின மாதிரி இருக்கார். ஒத்துக்குவாரா?”

“அதுவும் அவர் ஒரே தாவுல அந்தக் கரைக்குப் போயிடுறார். பொண்ணு குட்டைக் காலை வச்சுக்கிட்டுத் தத்தித் தத்தி எப்படிப் பின்னால போகும்?” என்றார் சடையன்.

அதைக் கேட்டதும் விருமாயிக்கே மனசு மாறிவிட்டது. “எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், சந்தைக்குப் போனா ஒரு மைல் முன்னால போவார். நான் போய்ச் சேரலயா?” என்றாள். சம்மதம் என்று அர்த்தம்.

ஆனி மாதம் பதினெட்டாம் தேதி முகூர்த்தம். பந்தல் போட்டார்கள். பதினாறு மஞ்சள் கயிறு தயார். சடையன் முதல் பெண்ணைக் கையில் எடுத்து, கயிற்றை வைத்துக்கொண்டு விழித்தார்.

“அண்ணே, கழுத்து எங்க?”

“தலை முடியிற இடத்துல பாரு.”

“தலை முடியிற இடத்துல வயிறு ஆரம்பிக்குது.”

கூட்டத்தில் ஒவ்வொருவராக வந்து தேடிப் பார்த்தார்கள். பதினாறு பேரில் ஒருத்திக்குக்கூடக் கழுத்து இல்லை. மேளக்காரர் கொட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. கடைசியில் காலிலேயே கட்டச் சொன்னார் ஒச்சப்பன். கல்யாணத்தையே கால்கட்டு என்றுதானே சொல்கிறோம், அதனால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது என்று என் சம்பந்தி சொன்னார்.

அன்றைக்கே பட்டியல் எழுதி முடிந்தது. ‘தவளை: பதினாறு தலைக்கட்டு. தேரை: இல்லை.’

விருமாயி பதறினாள். “ரெண்டும் வேணும்னுதானே டீச்சரம்மா சொல்லுச்சு? தேரை இல்லைன்னு எழுதினா ஊருணியை மூடிருவாங்களே!”

“மதினி, நீங்க பிறந்தது எந்த ஊரு?”

“பனங்காடிப்பட்டி.”

“அந்த ஊர்ப் பட்டியல்ல இப்ப உங்க கணக்கு இருக்கா?”

“இல்லை.”

“ஏன்?”

“கட்டிக்கொடுத்தாச்சே.”

“அதேதான்” என்று பேனாவை மூடினார் ஒச்சப்பன். “அதிகாரி பட்டியலையா பார்க்கப் போறார்? கண்ணாலதான் பார்ப்பார். அவங்கதான் இங்கேயே இருக்காங்களே.”

அந்த வார்த்தையில் விருமாயி நிம்மதியாகிப் போனாள். ஆனால் அதிகாரி வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

ஆடி பிறந்தால் புதுப்பெண் தாய்வீடு போக வேண்டும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஊரே ஒரே முகமாக இருந்தது. பதினாறு தேரைகளையும் ஒரு கூடையில் வைத்து, மஞ்சள் குங்குமம் வெற்றிலை பாக்கோடு கிளம்பினார்கள். தாய்வீடு என்றால் விருமாயிக்குத் தெரிந்தது ஒன்றுதான், பனங்காடிப்பட்டியில் இருக்கும் அவள் அண்ணன் வீடு. அங்கே கிணற்றடிக் கல் இடுக்கில் பெண்களை இறக்கிவிட்டு, “பார்த்துக்க அண்ணே, ஆவணியில வந்து கூட்டிட்டுப் போறோம்” என்றாள். அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. கொண்டைமேட்டுப்பட்டியில் தங்கையைக் கொடுத்துவிட்டுப் பல வருஷமாக அனுபவப்பட்டவர்.

ஆடி மூன்றாம் தேதி காலையில் ஜீப் வந்தது. பின்னால் மண் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. ஜீப்பிலிருந்து எஸ்தர் கிருபாவும், தணிகாசலம் என்கிற அதிகாரியும் இறங்கினார்கள். தணிகாசலம் இளவயசுக்காரர். கையில் ஃபைல், சட்டைப்பையில் மை டப்பா. விதி என்றால் விதி என்று வாழ்கிறவர்.

கரையில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. பார்த்தார், எழுதிக்கொண்டார். “சரி, தேரை எங்கே?”

“தாய்வீட்டுக்குப் போயிருக்காங்க சார்” என்றார் சடையன்.

எஸ்தர் கிருபா திரும்பினார். “யாரு?”

ஒச்சப்பன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். மேளத்துக்கு யாரைக் கூப்பிட்டார்கள் என்பதைக்கூட விடவில்லை. சொல்லச் சொல்ல எஸ்தர் கிருபா மெல்லப் படித்துறையில் உட்கார்ந்துவிட்டார்.

“எதுக்காக ஒச்சப்பன்? எதுக்காகப் பிரிச்சீங்க?”

“ஆடியில சேர்ந்திருந்தா சித்திரையில பிள்ளை பிறக்கும் டீச்சரம்மா. சித்திரையில ஊருணியில சொட்டுத் தண்ணி இருக்காது. பிள்ளைக எங்க நீந்தும்?”

“தவளை முட்டை ரெண்டு மூணு நாள்ல பொரிஞ்சிடும்!”

சடையன் திடுக்கிட்டார். “மூணு நாள்லயா? அப்ப ஏழாம் மாசம் வளைகாப்பை எந்த நாள்ல வைக்கிறது?”

“வளைகாப்பே வேண்டாம்! தவளை வேற, தேரை வேற. ரெண்டும் சேராது. பிள்ளையே பிறக்காது!”

விருமாயி முகம் சுருங்கிப்போயிற்று. “கல்யாணமாகி மூணு வாரம்கூட ஆகலை. அதுக்குள்ள இப்படி ஒரு வார்த்தை சொல்லாதீங்க டீச்சரம்மா” என்றாள்.

எஸ்தர் கிருபா எழுந்து நின்று கைகூப்பாத குறையாகக் கேட்டார். “பனங்காடிப்பட்டி பக்கத்துலதானே இருக்கு? ஒரே ஒரு தேரையை மட்டும் எடுத்துட்டு வாங்க. அரை மணி நேரம். போதும்.”

“ஆடி மூணாந்தேதி பொண்ணைக் கூட்டிட்டு வர்றதா?” ஒச்சப்பன் காதைப் பொத்திக்கொண்டார். யாரும் அசையவில்லை.

தணிகாசலம் ஃபைலைத் திறந்தார். “தேரை இல்லை. விதிப்படி மூடலாம்” என்று சொல்லி லாரியைப் பார்த்துக் கையசைத்தார். லாரி உறுமிக்கொண்டு பின்பக்கமாகக் கரைக்கு வந்தது.

விருமாயி கரையில் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அது வேஷம் இல்லை. தண்ணீரில் முப்பத்துநாலும் ஒன்றும் தெரியாமல் நீந்திக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். எழுதும்போதே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இந்த ஊரைப் பார்த்து எவ்வளவோ சிரித்திருக்கிறேன், அந்த நேரத்தில் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

“ஐயா, ஆடியில பொண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பினது ஒரு குத்தமா? உங்க வீட்டுல அனுப்ப மாட்டீங்களா?” என்று கேட்டாள்.

தணிகாசலத்தின் பேனா நின்றது. அவருக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. முந்தாநாள் மாமியார் வந்து மனைவியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அன்றிலிருந்து ஹோட்டல் இட்லி. லாரியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, தவளை உட்கார்ந்திருந்த பக்கமாகப் பார்த்தார்.

“தனியாத்தான் இருக்காரா?” என்று கேட்டார்.

“மூணு நாளா சார். சரியாச் சாப்பிடுறதுகூட இல்லை” என்றார் சடையன்.

தணிகாசலம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “ஆவணி வரைக்கும் தள்ளி வைக்க விதியில இடம் இருக்கு. ஆனா சம்பந்தப்பட்ட குடும்பத் தலைவர் மனு கொடுக்கணும்.”

“பதினாறு குடும்பத் தலைவர்கள் இருக்காங்க சார்!” என்று ஒச்சப்பன் தலைக்கட்டுப் பட்டியலை நீட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் எழுதிய ஒரு பட்டியல் யாருக்கோ பயன்பட்டது.

மனுவை ஒச்சப்பனே எழுதினார். பட்டியலில் முதல் பெயர்க்காரரைச் சடையன் பிடித்துக்கொண்டு வந்தார். தணிகாசலம் மை டப்பாவைத் திறந்து, “கையெழுத்துத் தெரியாதில்ல? கட்டைவிரல் ரேகை வைக்கச் சொல்லுங்க” என்றார்.

சடையன் தவளையின் முன்கையை விரித்து எண்ணினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சார், கட்டைவிரலைக் காணோம்.”

“விபத்தா?”

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எஸ்தர் கிருபா, இருபது வருஷப் பழக்கத்தில் தன்னையறியாமல் பதில் சொன்னார். “தவளைக்கு முன்கையில நாலு விரல்தான். பின்கால்ல அஞ்சு.”

“அஞ்சு இருக்கிற பக்கம் வைங்க” என்றார் தணிகாசலம்.

பின்காலை மையில் தோய்த்தார்கள். நீளமான பின்னங்கால் எதற்கு இருக்கிறது என்பது அப்போதுதான் அந்த ஊருக்கு விளங்கியது. ஒரே தாவு. மனுவைத் தாண்டி, திறந்திருந்த ஃபைலின் கடைசிப் பக்கத்தில் போய் விழுந்தது தவளை. அந்தத் தாளில் ஒரு புறம் ‘மூடலாம்’, இன்னொரு புறம் ‘மூடக் கூடாது’ என்று அச்சடித்து, அதனதன் கீழே ‘உயர் அதிகாரி கையொப்பம்’ என்று கட்டம் போட்டிருந்தது. ‘மூடக் கூடாது’ என்பதன் கீழே இருந்த கட்டத்துக்குள், கோடு தாண்டாமல், ஐந்து விரலும் பளிச்சென்று பதிந்திருந்தது.

தணிகாசலம் அதை உற்றுப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு விறைப்பாக எழுந்து நின்றார்.

“இந்தக் கட்டத்துல யார் கையெழுத்து இருக்கோ அவர் எனக்கு மேலதிகாரி. விதி அப்படி” என்று சொல்லிவிட்டு, லாரியைத் திரும்பிப் போகச் சொன்னார். தவளைக்கு வணக்கம் வைத்தார்.

விருமாயி வாயைப் பொத்திக்கொண்டாள். லாரி கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துவிட்டு, ஒச்சப்பனைக் கட்டிப்பிடிக்கப் போய், கொழுந்தன் முறை என்பது நினைவுக்கு வந்து சடையன் தோளைப் பிடித்து உலுக்கினாள். எஸ்தர் கிருபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் விக்கல் எடுத்துவிட்டது.

அதற்குள் தவளை ஃபைலிலிருந்து தாவித் தண்ணீருக்குள் போயிற்று. மேலதிகாரி பார்வையிடப் போனால் கீழே இருப்பவர் கூடவே போக வேண்டும் என்பதும் விதி. தணிகாசலம் செருப்பைக் கழற்றி வைத்தார், ஃபைலைத் தலையில் வைத்துக்கொண்டார், ஊருணிக்குள் இறங்கினார். வாத்துகள் ஒதுங்கி வழிவிட்டன. தண்ணீர் மார்பளவு வந்ததும் நின்று, “அடுத்த உத்தரவு சார்?” என்று கேட்டார்.

தவளை ‘கொர்’ என்றது. தணிகாசலம் ஃபைலை இறக்கி அதை எழுதிக்கொண்டார்.

“இதுக்கு நகல் யார் யாருக்கு அனுப்பணும்?” என்று கரையைப் பார்த்துக் கேட்டார்.

ஒச்சப்பனுக்குத் தெரியவில்லை. சடையனுக்கும் தெரியவில்லை. விருமாயிதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “முதல்ல பனங்காடிப்பட்டிக்கு ஒண்ணு அனுப்புங்கய்யா. புருஷனுக்கு அரசாங்க வேலை கிடைச்ச விஷயம் அந்தப் பொண்ணுக்கு இன்னும் தெரியாது.”